செவேரோவுக்கு ஒரு கிண்ணம்

புகார்லோமா,
15 செப்டம்பர் 1991

அன்புள்ள எதெல்வினா அக்காவுக்கு,

தங்கை டெல்ஃபினா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், என் மாமியார் தோமாசா, ஒரு நாய், இருபது கினிப் பன்றிகள். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, பன்றிக் கொழுப்பைச் சூடாக்கித் தடவினாயா?

கல்லறைத் திருநாளுக்கு நியூயார்க்கில் கொலாதா காய்ச்சப் போகிறேன், பக்குவம் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் தையல் வகுப்பு, தையல் வகுப்பு என்று ஓடினவள் நீ. இப்போது முப்பத்தெட்டு வயதில் தங்கையிடம் கேட்கிறாய். சரி, கேட்டுக்கொள்.

கருப்பு மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, பானை வாயைத் துணியால் கட்டி நான்கு நாள் வை. லேசாகப் புளித்த வாடை வர வேண்டும். வராவிட்டால் அது கொலாதா இல்லை, வெறும் கூழ். ஐந்தாம் நாள் அன்னாசித் தோலோடு பட்டை, கிராம்பு, மணத்துக்குக் காய்ந்த இஷ்பிங்கோப் பூ, எலுமிச்சைப் புல், வெல்லம் எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டு. மோராப் பழத்தையும் மேட்டுக்காட்டுக் கருநீலப் பழத்தையும் தனியாக வேகவைத்து மசித்துச் சேர். பிறகு மாவுத் தண்ணீரைத் துணியில் வடித்து ஊற்றி, கெட்டியாகும் வரை கை எடுக்காமல் கிண்டு. அன்னாசித் துண்டுகள் கடைசியில். ஒன்றை மறக்காதே: ஒரு பானைக்கு ஒரே கை. பாதியில் இன்னொருத்தி கரண்டியை வாங்கினால் திரிந்துவிடும். அறைத் தோழிகளைத் தள்ளி நிற்கச் சொல்.

பக்கத்து வீட்டு ரொசாலியாவின் மச்சான் இந்த வாரம் அங்கே புறப்படுகிறான். மாவும் இஷ்பிங்கோவும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருஷமாவது திருநாள் வாரத்தில் சதுக்கத்தில் ஒரு பானை வைத்து விற்கிறேனே என்று மாமியாரிடம் கேட்டேன். "புருஷன் வெளிநாட்டுல இருக்கிற பொம்பள தெருவுல நின்னு கரண்டி தட்டுவாளா? நாளைக்கே அவன் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அந்த "நாளைக்கு" ஆறு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. அது வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் என் புருஷனுக்கும் ஒரு தட்டு வைத்து, முதல் கரண்டியை அதில்தான் போட வேண்டும். சாப்பிடுவது நாய். நன்றாகக் கொழுத்திருக்கிறது.

அப்பா வீட்டுச் சாவியை நீ பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். முடிந்தால் அனுப்பு, கூரை ஒழுகுகிறதா என்றாவது பார்க்கிறேன்.

போன இரண்டு கடிதத்திலும் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். என் புருஷன் செவேரோவை அங்கே எங்கேயாவது பார்த்தாயா? நான்கு வருஷமாக அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் நியூயார்க்கில் அந்தக் குயீன்ஸில்தான் நெருக்கியடித்துக் கிடக்கிறீர்கள் என்கிறார்களே.

உன் முழங்காலை மாதா பார்த்துக்கொள்ளட்டும்.
தங்கை,
டெல்ஃபினா


குயீன்ஸ்,
17 அக்டோபர் 1991

அன்புத் தங்கை டெல்ஃபினாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். கடவுள் கிருபையால் நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பன்றிக் கொழுப்புக்கு இங்கே எங்கே போவேன்? மாமியாரை நான் விசாரித்ததாகச் சொல்.

மாவு வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் நாய் மோந்து பார்த்து, பையைப் பிரிக்கச் சொன்னார்களாம். கருப்பு மாவைப் பார்த்து அதிகாரிக்குச் சந்தேகம். "எங்க செத்தவங்களுக்குக் கஞ்சி" என்று அந்தப் பையன் சொன்னதும் வேகமாக மூடிக் கொடுத்துவிட்டாராம்.

இங்கே இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது. தையல் கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு ஜிப் தைக்கிறேன். என் ஜன்னலுக்கு நேராக மேலே ரயில் போகிறது. முதலில் பயமாக இருந்தது, இப்போது அது போகாவிட்டால்தான் தூக்கம் வருவதில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். வெந்நீர் மட்டும் சில நாள் வராது.

சாவியை அப்புறம் பார்க்கலாம். வீட்டைத் திறந்தால் எலி வரும். அப்பா அம்மா கல்லறையில் எனக்காகவும் ஒரு கிண்ணம் வை.

பொறுமையாக இரு.
அக்கா,
எதெல்வினா


புகார்லோமா,
5 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் பார்த்தேன். ஜிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய், ரயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய், வெந்நீரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. தாளில் இடம் போதவில்லை போல.

கல்லறைத் திருநாள் எப்போதும்போல் நடந்தது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டு கிண்ணமும் பொம்மை ரொட்டியும் வைத்தேன். உனக்காகவும் சேர்த்து அழுதேன், சீக்கிரம் முடித்துவிட்டேன்.

ஜெபக்காரர் நபோரை நினைவிருக்கிறதா? இன்னும் அதே அவசரம்தான். பேரைக் கேட்டு, ஜெபம் சொல்லி, பிறகு கிண்ணத்தை வாங்க வேண்டும் என்பது முறை. அவர் கல்லறைக்கு வந்ததும் கிண்ணத்தை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டுத்தான் "பேரு என்ன தாயி" என்கிறார். ரொசாலியா வம்புக்கென்றே பதினேழு பேர் சொன்னாள். செத்துப்போன மாட்டின் பேரையும் நடுவில் சேர்த்துவிட்டாள். குடித்தாயிற்று, என்ன செய்வார்? குடித்துவிட்டு ஜெபம் சொல்லாமல் போனால் அந்த ஆத்துமா அவர் வீடுவரை பின்னாலேயே வருமே. மாட்டுக்கும் சேர்த்தே சொன்னார்.

கல்லறையில் நான்கு பேர் என்னிடம் "செவேரோகிட்ட இருந்து சேதி உண்டா" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் "வந்துடுவான், வந்துடுவான்" என்று எனக்காகவும் பதில் சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்துமூன்று வயது, அக்கா. கைம்பெண்கள் கூட கறுப்பைக் கழற்றிவிட்டு மறுகல்யாணம் செய்துகொள்கிறார்கள். நான் மட்டும் வாசலில் காயப்போட்ட துணி மாதிரி கிடக்கிறேன், எடுத்து மடிப்பாரும் இல்லை, உடுத்துவாரும் இல்லை.

நீ காய்ச்சிய கொலாதா எப்படி இருந்தது என்று எழுது. மற்றதையும் எழுது.

சுகமாக இரு.
டெல்ஃபினா


குயீன்ஸ்,
24 நவம்பர் 1991

அன்புத் தங்கைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நலம், உன் நலமும் அப்படியே இருக்கட்டும். போன வாரம் பனி பெய்தது.

கொலாதா காய்ச்சினேன் டெல்ஃபினா. முதல் பானை திரிந்துபோனது. நான் கதவைத் திறக்கப் போன நேரத்தில் அறைத் தோழி நல்லெண்ணத்தில் இரண்டு கிண்டு கிண்டிவிட்டாள். மேலே தண்ணீர், அடியில் கட்டி. உன்னை நினைத்துக்கொண்டு அவளைத் திட்டினேன். இரண்டாவது பானையை நானே கிண்டினேன், கை மரத்துப்போகும் வரை. மேட்டுக்காட்டுப் பழத்துக்குப் பதில் இங்கே கிடைக்கிற ப்ளூபெர்ரி. ஆனால் இஷ்பிங்கோ கொதித்ததும் அந்த வாசனை மாடிப்படி எல்லாம் இறங்கி, மூன்றாவது மாடியில் இருக்கிற கொரியாக்காரக் கிழவர் கதவைத் தட்டி என்ன என்று கேட்டார்.

நம் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கட்டிலில், தரையில், குளியல்தொட்டி விளிம்பில் கூட உட்கார்ந்து குடித்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். ஒரு ஆள் மட்டும் அன்னாசித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் பொறுக்கியெடுத்து, தட்டின் ஓரத்தில் சிப்பாய் மாதிரி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு இரண்டு கிண்ணம் குடித்தது. அவ்வளவு பாடுபட்டு நறுக்கினேன், எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே.

அம்மா கை மணம் வரவில்லை. ஆனால் பக்கத்தில் வந்தது.

மாமியாரை அனுசரித்து இரு.
அக்கா,
எதெல்வினா


புகார்லோமா,
15 டிசம்பர் 1991

அக்காவுக்கு,

சுகம்.

அன்னாசியைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குகிற ஆளை எனக்குத் தெரியும். நான்கு கல்லறைத் திருநாள் அவர் தட்டைக் கழுவியவள் நான். இந்த உலகத்தில் வேறு ஒருத்தரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

செவேரோ உன் அறையில் உட்கார்ந்து, நான் அனுப்பிய மாவில், நான் அனுப்பிய இஷ்பிங்கோவில் காய்ச்சியதை இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறார்.

எத்தனை நாளாகத் தெரியும்? யாரோடு இருக்கிறார்?

டெல்ஃபினா


புகார்லோமா,
8 மார்ச் 1992

அக்காவுக்கு,

இங்கே சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

மூன்று மாதம் ஆயிற்று. அங்கேயிருந்து கடிதம் வரப் பன்னிரண்டு நாள் போதும். நீ எழுதாததும் ஒரு பதில்தான், எனக்கு வாசிக்கத் தெரியும்.

போன ஞாயிறு முதல் கரண்டியை அவர் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டேன், "அத்தை, அவரு உயிரோட இருப்பாருன்னு நினைக்கிறீங்களா?" வழக்கமாக இதற்கு ஒரு பிரசங்கமே வரும். அன்றைக்கு மாமியார் என் முகத்தைப் பார்க்காமல், "உப்பு கம்மி" என்றார். சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால் ஊரில் நான்தான் முட்டாள். முட்டாளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை. நீ எழுதாவிட்டால் ரொசாலியாவின் மச்சானுக்கு எழுதிக் கேட்பேன். அவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொல்வான். எது நல்லது என்று நீயே யோசி.

டெல்ஃபினா


குயீன்ஸ்,
9 ஏப்ரல் 1992

என் அன்புத் தங்கைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உடம்பு நலம். மனசு நலமில்லை.

இந்தக் கடிதத்தை ஏழு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். செவேரோ நான்கு தெரு தள்ளி இருக்கிறார். ஓட்டலில் சமையல் வேலை. டொமினிகன் பெண் ஒருத்தியோடு குடும்பம். இரண்டு பிள்ளைகள்; பெரியவனுக்கு நாலரை வயது.

நான் வந்து இறங்கிய அன்றே எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப் போனதே அவர்தான். இந்த அறையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், தையல் கூடத்து மேஸ்திரி அவருடைய கூட்டாளி. முதல் நாளே சொன்னார், "மச்சினி, ஊருக்கு எதுவும் எழுத வேண்டாம். எழுதினா உனக்கும் கஷ்டம்." எனக்கு இங்கே தங்குவதற்குக் காகிதம் இல்லை, பாஷை இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். மூடின வாயைத் திறக்க அப்புறம் வெட்கமாகிவிட்டது.

உன் மாமியாருக்கும் தெரியும். பிள்ளைகளின் போட்டோ வருஷா வருஷம் அவருக்குப் போகிறது.

என்னைத் திட்டு, ஆனால் ஒன்று கேள். அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. உனக்குத் தலைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது, ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஒருநாள் அவர் மனசு மாறலாம்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.
எதெல்வினா


புகார்லோமா,
3 மே 1992

அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் சுகமில்லை. ஓலைத் தொப்பி முடைந்துகொண்டிருந்தேன், ஒரு தொப்பி வீணாகிவிட்டது.

அவன் போனதற்கு வந்த கோபத்தைவிட, விமான நிலையத்திலிருந்து நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனதற்குத்தான் கோபம் வருகிறது. உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

கூரை என்கிறாய். அந்தக் கூரைக்குக் கீழே ஏழு வருஷம் நாய்க்குச் சோறு போட்டேன். அது மனைவிக்குத் தருகிற மரியாதை என்றால் அந்த மரியாதையை நீயே வைத்துக்கொள்.

பங்குச் சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மரணம் பிரிக்கிற வரைக்கும்னு வாக்கு குடுத்திருக்கியே மகளே" என்றார். "சரி சாமி, மரணத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பயப்படாதே, கத்தியும் இல்லை, விஷமும் இல்லை. நான் வைத்திருப்பது மாவு.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு மூன்று கிண்ணம் வைக்கப் போகிறேன். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, செவேரோவுக்கு ஒன்று. ஊர் நடுவில் நபோர் வாயால் அவன் பேருக்கு ஜெபம் சொல்ல வைப்பேன். அதற்குப் பிறகு என்னை யாரும் காத்திருக்கிறவள் என்று சொல்லக் கூடாது.

இதை அவனிடம் சொல்லாதே. சொல்லாமல் இருப்பதில் உனக்குத்தான் நல்ல பழக்கம் இருக்கிறதே.

டெல்ஃபினா


குயீன்ஸ்,
20 செப்டம்பர் 1992

அன்புத் தங்கைக்கு,

ஆசீர்வாதம். நலம். உனக்குப் பதில் எழுதக் கை வராமல் கோடை முழுக்கப் போய்விட்டது.

திட்டினதெல்லாம் சரி. ஆனால் உயிரோடு இருக்கிறவன் பேரைச் செத்தவர்கள் வரிசையில் சொல்வது பாவம் இல்லையா? அப்படிச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லுவாள். இரண்டு குழந்தைகள், டெல்ஃபினா. அவர்கள் என்ன செய்தார்கள்?

என்னையும் நினைத்துப் பார். அவருக்குத் தெரிந்தால் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை போதும், மறுநாள் நான் தெருவில். வேண்டாம். வேறு எது வேண்டுமானாலும் செய், இது வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
எதெல்வினா


புகார்லோமா,
5 நவம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். மெய்யாகவே சுகம். பதில் எழுதவில்லை என்று வருந்தியிருப்பாய். எழுதியிருந்தால் நீ இன்னொரு தடவை அழுதிருப்பாய், நான் இளகியிருப்பேன். அதனால் எழுதவில்லை.

அக்டோபர் கடைசியில் அப்பா வீட்டுப் பூட்டை ஒரு கல்லால் உடைத்தேன். மூன்றே அடி. எலி இருந்தது, ஆனால் நீ பயமுறுத்திய அளவுக்கு இல்லை. அம்மாவின் பானை பரணிலேயே இருந்தது. மாவைக் கரைத்து நான்கு நாள் புளிக்க வைத்தேன். திருநாள் காலையில் அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகையைப் பார்த்துவிட்டு மாமியார் ஓடிவந்தார். நான் கிண்டிக்கொண்டிருந்தேன். மேசையில் மூன்று கிண்ணம்.

"உங்கப்பனுக்கு ஒண்ணு, உங்கம்மாளுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்குடி?"

"கல்லறைக்கு வாங்க அத்தை, அங்க சொல்றேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கரண்டியைப் பிடுங்க வந்தார். "கைய வைக்காதீங்க, திரிஞ்சுடும்" என்றேன். என்ன ஆத்திரத்திலும் அவர் கை தானாகப் பின்னுக்குப் போய்விட்டது. கொலாதாவைத் திரிய வைத்தவள் என்று பேர் வாங்க நம் ஊரில் யாருக்குத் தைரியம் வரும்?

கல்லறையில் நல்ல கூட்டம். அப்பா அம்மா மண்மேட்டில் துணி விரித்து மூன்று கிண்ணத்தையும் மூன்று பொம்மை ரொட்டியையும் வைத்து, நான்காவதாக ஒரு கிண்ணத்தை நிறைய ஊற்றி நபோரிடம் நீட்டினேன். இஷ்பிங்கோவை இந்தத் தடவை இரண்டு பங்காகப் போட்டிருந்தேன். தூரத்திலிருந்தே மோந்துகொண்டு வந்தவர், மூச்சு விடாமல் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"பேரு சொல்லு தாயி."

"அப்பா அபெலார்தோ. அம்மா விசித்தா. புருஷன் செவேரோ."

இரண்டு பேருக்குத் தலையாட்டினவர் மூன்றாவதில் நின்றுவிட்டார். "எந்தச் செவேரோ?"

"எனக்கு ஒரே செவேரோதான் இருந்தாரு."

"எப்பம்மா செத்தான்?"

"தெரியலியே. போயி ஏழு வருஷம் ஆச்சு, கடுதாசி நின்னு அஞ்சு வருஷம். உயிரோட இருக்கிறவன் பொண்டாட்டிக்கு ஒரு வரி எழுத மாட்டானா?"

இதற்குள் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அடிப் பாவி, எம் புள்ள உயிரோட இருக்கான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"ஒரே வீட்டுல ஏழு வருஷம் ஒரே சட்டியில சாப்பிட்டோம். எனக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? சொல்லுங்க, இவரு பேர அடிச்சிடுறேன்."

"போன பாஸ்காவுக்குக்கூட போட்டோ அனுப்பினான்டி. பெரியவன் பள்ளிக்கூடம் போறான், சின்னது நடக்குது" என்று கத்தினார். கத்தி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த மேட்டிலிருந்து ரொசாலியாதான் பேசினாள்.

"அப்ப ஞாயித்துக்கெழம இவ தட்டு வச்சதெல்லாம் யாருக்கு?"

"நாய்க்கு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மாமியார் நபோர் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் ஜெபம் சொன்ன, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." நபோர் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"குடிச்சிட்டேனே தோமாசா" என்றார்.

தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, அப்பா பேரையும் அம்மா பேரையும் செவேரோ பேரையும் சொன்னார். "நித்திய இளைப்பாற்றியை" என்று அவர் ஆரம்பித்ததும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பழக்கத்தில் "தந்தருளும் சுவாமி" என்று முடித்தார்கள். மாமியாரின் உதடும் அசைந்தது. நான் பார்த்தேன்.

அப்போதுதான் அழுதேன். உனக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்காக இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அசோகெஸுக்குப் போகிற பேருந்தில் ஏறி, வளைவு திரும்பும் வரை தொப்பியை ஆட்டிக்கொண்டே போனானே, அந்தப் பையனுக்காக. அவன் மெய்யாகவே செத்துவிட்டான், ஆயுசு குறைய அவனிடம் ஒன்றும் பாக்கியில்லை. குழந்தைகளுக்கு அப்பா இருக்கிறார், நன்றாக இருக்கட்டும். அவர் வேறு ஆள்.

மறுநாள் சிவப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு சதுக்கத்தில் பானை வைத்தேன். கரண்டியைப் பானை விளிம்பில் ஊர் கேட்கத் தட்டினேன். மதியத்துக்குள் பானை காலி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதி, ஆனால் இரண்டாவது கிண்ணம் கேட்டவர்கள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். நாயும் வந்துவிட்டது. உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே செய்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆபத்து வந்தால் எழுது. இந்தத் தடவையாவது எழுது.

தங்கை,
டெல்ஃபினா


குயீன்ஸ்,
29 நவம்பர் 1992

என் அன்பு டெல்ஃபினாவுக்கு,

ஆசீர்வாதம். நலம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வேலை போய்விட்டது. ஊரிலிருந்து செவேரோவுக்குத் தொலைபேசி வந்த மறுநாளே மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். அன்றைக்கு அழுதேன். அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. நபோர் காலிக் கிண்ணத்தைப் பார்த்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தேன், அறைத் தோழி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். மிச்சமிருந்த மாவை அன்றே கரைத்தேன். திருநாள் முடிந்துவிட்டால் என்ன? ஐந்தாம் நாள் காய்ச்சி மேசையில் கிண்ணம் வைத்தேன். மூன்று கிண்ணம்.

அன்று மாலை செவேரோ வந்தார். சவரம் செய்யாமல், சால்வையைச் சுற்றிக்கொண்டு. "மூணு வாரமா காய்ச்சல் மச்சினி. தூக்கமே இல்ல. என்னை உயிரோட புதைச்சிட்டா. அவளுக்கு எழுது, நபோர்கிட்ட சொல்லி என் பேரை எடுக்கச் சொல்லு. என்ன வேணும்னாலும் பண்றேன்" என்றார். பேசிக்கொண்டே பழக்கத்தில் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்தார்.

"கீழ வைங்க. அது செத்தவங்களுக்கு" என்றேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஆனா நீங்க குடிக்கக் கூடாது."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை டெல்ஃபினா. மூன்று வருஷமாக அந்த மனிதர் முன்னால் நிமிர்ந்து பேசினதில்லை. அவர் கிண்ணத்தைச் சட்டென்று கீழே வைத்ததில் அன்னாசித் துண்டு ஒன்று மேசையில் விழுந்தது. அதை அடுக்காமலே போய்விட்டார்.

மறுநாள் உனக்கென்று ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். மறைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன், அதனால்தான் அனுப்புகிறேன். படிப்பது உன் இஷ்டம். அப்பா வீட்டுச் சாவியும் இருக்கிறது. வைத்துக்கொள், அது உன் வீடு.

கொரியாக்காரக் கிழவர் மூன்று கிண்ணம் வாங்கிப் போனார். செவேரோவின் ஓட்டல் இருக்கிற தெரு முனையில் தள்ளுவண்டி வைக்கலாம் என்கிறார்கள். மாவு அனுப்புவாயா?

அக்கா,
எதெல்வினா


புகார்லோமா,
18 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், நாய், ஒன்பது கினிப் பன்றிகள். நாய் கொஞ்சம் இளைத்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி?

ஒரு மூட்டை மாவும் இஷ்பிங்கோவும் அனுப்புகிறேன். தள்ளுவண்டியை முனையில் வைக்காதே, அந்த ஓட்டல் வாசலுக்கு நேராகவே வை. உன் பானை, உன் கை. யாராவது கரண்டியைக் கேட்டால் கரண்டியாலேயே பதில் சொல். உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது, ஒரு சொட்டு மட்டும் வைத்திருக்கிறேன், வயதான பிறகு உன்னை வம்பிழுக்க உதவும்.

சாவி வந்தது. பூட்டுதான் இல்லை. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

மாமியார் ஒருநாள் வந்தார். வாசலில் நின்றுகொண்டே ஒரு கிண்ணம் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, "புளிப்பு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் உறைக்குள் இருந்த அந்த இன்னொரு கடிதத்தைப் பிரிக்கவில்லை. நல்ல கனம், ஐந்து வருஷத்துக்கு எழுத வேண்டியதை ஒரே மூச்சில் எழுதியிருப்பார் போலிருக்கிறது. அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. ஏன் என்று கேட்டால் மரியாதையாகவே சொல்: எங்கள் ஊரில் செத்தவர்களுக்குக் கிண்ணம் வைக்கிறோம், ரொட்டி வைக்கிறோம், ஜெபமும் சொல்கிறோம். அவர்கள் எழுதினால் பதில் போடுகிற வழக்கம் மட்டும் கிடையாது.

சுகத்துடன்,
உன் தங்கை,
டெல்ஃபினா